ஜிம்மிக்குக் குடுத்த ஈரல்

நான் முந்தி மிருக வைத்தியக் கந்தோரில வேலை செய்தவன் எண்டு கேள்விப்பட்டு, போன மாசம் எங்கட நெளுக்குளம் வீட்டுக்கு மூண்டு பேர் வந்தினம். ஒருவர் இந்தப் பகுதிக்குப் புதுசா வந்திருக்கிற மிருக வைத்தியர், இளம் பிள்ளை. மற்ற ரெண்டு பேரும் அவவுக்குக் கீழ வேலை பழகிறவை. நாயின்ர குடல் பூச்சியைப் பற்றிச் சனத்துக்கு ஒரு கூட்டம் வைக்கப் போகினமாம். டொக்டர் பிள்ளை கைப்பைக்குள்ள இருந்து ஒரு குளிசையை எடுத்துக் காட்டினா. இதை இறைச்சித் துண்டுக்குள்ள வைச்சுக் குடுத்தால் சரி, பூச்சி உள்ளுக்கையே செத்துப் போகும் எண்டா. பிறகு, "உங்கட காலத்தில என்ன செய்தனீங்கள் ஐயா?" எண்டு கேட்டா. எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் வந்திட்டுது. தேத்தண்ணி கொண்டுவந்த என்ர மனுசி முந்திக்கொண்டு, இவர் நாய்க்குப் பின்னால தட்டு ஏந்திக்கொண்டு திரிஞ்சவர் எண்டு போட்டுக்குடுத்திட்டா.

அது உண்மைதான். அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல மூண்டு பேரும் தேத்தண்ணியை ஆறவிட்டிட்டினம். தங்கட கந்தோர் போடப்போற மலருக்கு இதை அப்பிடியே எழுதித் தாங்கோ எண்டு கேட்டினம். எழுதுறன், ஆனால் அதில நான் செய்த ஒரு விசர் வேலையும் வரும், அதை வெட்டக் கூடாது எண்டன். வெட்டமாட்டம் எண்டு சொன்னபடியால் எழுதுறன்.

நான் ஒரு கமக்காரன்ர மகன். அப்பா யாழ்ப்பாணத்துப் பக்கம் இருந்து கிளிநொச்சிக் குடியேற்றத்துக்குக் காணி கிடைச்சு வந்தவர். எங்கட வீட்டில ஒரு பொருளும் வீணாப் போகாது. மனுசர் சாப்பிடாதது மாட்டுக்கு, மாடு தின்னாதது கோழிக்கு, கோழி கொத்தாதது எருக்கிடங்குக்கு. எறியிறது எண்ட கதையே இல்லை. அந்தப் பழக்கம் என்ர ரத்தத்தில ஊறினது, அதுதான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

ஐம்பதுகள் முடியிற காலத்தில கண்டிப் பக்கம் ஒரு வருசம் பயிற்சி எடுத்தன். குளிரில நடுங்கினதும், மாட்டின்ர நாலு வயிறையும் படமாக் கீறினதும், சிங்களத்தில நூறுவரைக்கும் எண்ணப் பழகினதும் ஞாபகம் இருக்கு. ஈரல் நோயளைப் பற்றின பாடம் நடந்த கிழமை எனக்குக் கூகைக்கட்டு. ரெண்டு கன்னமும் வீங்கி, தலையைச் சுத்தித் துண்டு கட்டிக்கொண்டு விடுதியில படுத்துக் கிடந்தன். சோதினையில அந்தப் பாடத்தில ஒரு கேள்வியும் வரேல்லை. அப்ப நான் அதைப் பெரிய அதிட்டம் எண்டு நினைச்சன்.

பயிற்சி முடிய முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சின்னக் கந்தோருக்கு என்னை அனுப்பிச்சினம். அங்க ஒரு மிருக வைத்தியர், அவருக்கு உதவியாளா நான், ஒரு பழைய ஜீப், ஒரு சைக்கிள். வைத்தியற்ற பேர் இராசநாயகம். சனம் அவரை மாட்டு டொக்டர் எண்டும், நான் முன்னுக்கு நிண்டு சேர் எண்டும், பின்னுக்கு நிண்டு ஐயா எண்டும் சொல்லுவம். முழங்கால் வரைக்கும் காக்கிக் காற்சட்டை, அதுக்குக் கீழ சப்பாத்தும் நீள மேசும். நெத்தியில எப்பவும் மூண்டு குறி திருநீறு. மாட்டைத் தொட முதல் ஒருக்கா, தொட்ட பிறகு ரெண்டுதரம் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுவார். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசினதில்லை. அவற்ற வாயில இருந்தது ஒரேயொரு சொல்லு, "பிறகு?"

ஒருக்கா ஒரு பசுவுக்கு வயிறு ஊதி, நான் தனியப் போய் மருந்து பருக்கிப்போட்டு வந்து சொன்னன். மாடு விழுந்து கிடந்தது சேர் எண்டன். பிறகு எண்டார். மருந்து பருக்கினன் எண்டன். பிறகு எண்டார். எழும்பிச்சுது. பிறகு? புல்லுத் திண்டுது. பிறகு?  பிறகு நான் சைக்கிளில ஏறி வந்திட்டன் சேர் எண்டன். ரெண்டு நாளைக்குப் பிறகு போய்ப் பாக்காமல் இந்தக் கதை முடியாது எண்டு சொல்லிக் கொப்பியை மூடி வைச்சார். அந்த ஒரு பசுவுக்காக இருபது மைல் திரும்பவும் சைக்கிள் உழக்கினன்.

ஐயாவின்ர வீடு கந்தோருக்குப் பக்கத்து வளவு. ஐயாவும், நாங்கள் டொக்டர் அம்மா எண்டு சொல்லுற அவற்ற மனுசியும் சுத்த சைவம். முட்டைக் கோது கூட அவையின்ர படலை தாண்டி உள்ள போகாது. ஒரேயொரு மகள் மாலினி, அப்ப அஞ்சு வயசு. என்னை ராசா மாமா எண்டு கூப்பிடுவாள், என்ர பேர் தம்பிராசா. அந்த வீட்டில இன்னொரு ஆளும் இருந்தது, ஜிம்மி. முந்தி இருந்த அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகேக்க விட்டிட்டுப் போன நாய். மண்ணிறம், ஒரு காது நிமிந்து நிக்கும், மற்றது தொங்கும். டொக்டர் அம்மா அதுக்குச் சோறும் பருப்பும் தயிரும் பிசைஞ்சு வைப்பா. ஜிம்மி தட்டைப் பாக்கும், அவவின்ர முகத்தைப் பாக்கும், பிறகு மரியாதைக்காகச் சாப்பிடும். விலா எலும்பை எண்ணிப்போடலாம். மத்தியானத்தில மாலினி விறாந்தையில அதின்ர வயித்தில தலையை வைச்சுத்தான் நித்திரை கொள்ளுவாள்.

எங்கட வேலையில ஒரு பங்கு, கிழமையில ரெண்டு காலமை இறைச்சிக் கொட்டிலுக்குப் போய் வெட்டின ஆட்டைச் சோதிக்கிறது. கொட்டில்காரர் சவிரிமுத்தர் எண்டு ஒருவர், கரையோரத்து ஆள், நல்ல பகிடிக்காரன். முதல் மாசம் ஐயா என்னைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்து காட்டினார். புலால் மணக்காமல் மூக்கில கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு, ஈரலைப் பலகையில மல்லாத்திப் போடுவார். முதல் கண்ணால பாக்கிறது. பிறகு உள்ளங்கையால அமத்தித் தடவுறது. கட்டி இருந்தால் கண்ணுக்குத் தெரிய முதல் கைக்குத் தெரியும். அதுக்குப் பிறகுதான் கத்தி. சில ஈரலில வெள்ளையா, உருண்டையா நீர்க்கட்டி இருக்கும். கீறினால் தெளிஞ்ச தண்ணி வரும், அடியில மெல்லிய வெள்ளைப் பொடி படிஞ்சிருக்கும். அப்பிடியான ஈரல் எல்லாம் கழிவு. நாலடிக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டு, தாட்டு மூடி, மேல முள்ளு வைக்கவேணும் எண்டு சொல்லித் தந்தார். ஏன் எண்டு அவர் சொல்லேல்லை. பயிற்சியில படிச்சிருப்பன் எண்டு நினைச்சார். கூகைக்கட்டுக் கதையைச் சொல்ல எனக்கு வெக்கம்.

அந்த வருசம் வைகாசியோட மழை துப்பரவா நிண்டுபோச்சு. ஐயா கொட்டில் வேலையை என்னட்டையே விட்டிட்டார். மண் கல்லு மாதிரி. நாலடி வெட்டிறதுக்குள்ள உள்ளங்கை பொக்களிச்சுப் போகும். ஒருநாள் மண்வெட்டியைப் போட்டிட்டு ஈரலைப் பாத்தன். அரை றாத்தலுக்கு மேல இருக்கும், நாலைஞ்சு கட்டியைத் தவிர மிச்சமெல்லாம் நல்ல ஈரல். மனுசருக்குத்தானே கூடாது, நாய் செத்த எலியைத் திண்டே சுகமா இருக்குது எண்டு நினைச்சன். ஜிம்மியின்ர விலா எலும்பு கண்ணுக்கு முன்னால வந்துது. எறியிறது எண்ட கதையே இல்லாத வீட்டுப் பிள்ளை நான். தேக்கமிலையில சுத்திக் கரியரில கட்டிக்கொண்டு வந்து, கந்தோருக்குப் பின்னால பாலை மரத்தடியில ஜிம்மிக்கு வைச்சன். மூண்டு வாயில முடிச்சுப்போட்டு இலையையும் நக்கிச்சுது. பிறகு என்னைப் பாத்த பார்வை இருக்கே, கோயிலில கூட ஒருத்தரும் அப்பிடிக் கும்பிடமாட்டினம்.

அதுக்குப் பிறகு கட்டி ஈரல் கிடைக்கிற நாளெல்லாம் ஜிம்மிக்கு விருந்து. ஒரு மாசத்தில நாய் மினுங்கத் தொடங்கிட்டுது. டொக்டர் அம்மாவுக்குப் பெருமை தாங்கேல்லை, தன்ர தயிர்ச்சோத்தின்ர குணம் எண்டா. ஐயா அதைவிட மோசம். கந்தோருக்கு வாற கமக்காரரை எல்லாம் கூட்டிக்கொண்டு போய், புலாலே தெரியாத நாய், உடம்பைப் பாருங்கோ எண்டு காட்டுவார். நான் பக்கத்தில நிண்டு ஓம் சேர், ஓம் சேர் எண்டு தலையாட்டுவன். ஜிம்மி என்னைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு பாலை மரத்தடிக்கு ஓடும். அதைப் பாத்து ஐயா, உம்மில அதுக்குச் சரியான வாரப்பாடு எண்டு சொல்லுவார். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஆடி மாசம் நிண்டுது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில இருந்து ஐயாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒட்டுசுட்டானில மாட்டுப் பட்டி வைச்சிருந்த வேலுப்பிள்ளையர் எண்டவருக்கு வயிறு வீங்கிப்போய், வெட்டிப் பாத்தால் ஈரலில ஒரு நீர்க்கட்டி, செவ்விளநீர் அளவு. உடையாமல் எடுத்திட்டினம், ஆள் தப்பிட்டார். இது மிருகத்தால வாறது, அவற்ற பட்டியையும் நாயளையும் சோதிச்சுச் சொல்லவேணும் எண்டு சத்திர வைத்தியர் எழுதியிருந்தார். ஐயா கடிதத்தை ரெண்டுதரம் வாசிச்சுப்போட்டு, மருந்துப் பெட்டி, கறுப்புத் தட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி, ரெண்டு மண்ணெண்ணெய்த் தகரம் எல்லாத்தையும் அடுத்தநாள் விடிய ஜீப்பில ஏத்தச் சொன்னார்.

வேலுப்பிள்ளையற்ற மனுசி சரசக்கா. புருசன் ஆஸ்பத்திரியில எண்ட கவலையிலயும் கதை குறையாத மனுசி. ஏழு நாயையும் முதல் நாள் பின்னேரமே கட்டி, சாப்பாடு குடுக்காமல் வைச்சிருக்கச் சொல்லி அனுப்பியிருந்தம். ஏழும் எங்களைக் கண்டு ஊரையே கூட்டிச்சுதுகள். ஒரு நாய்க்கும் மற்ற நாய்க்கும் ஆறடி தள்ளி ஏழு கட்டை அடிச்சுக் கட்டினம். மருந்தை நாயின்ர நிறைக்குத்தான் குடுக்கவேணும், கூடினால் நாயின்ர நெஞ்சு நிண்டுபோகும். நாய் தராசில நிக்குமே? நான் ஒவ்வொண்டாத் தூக்கிக்கொண்டு நெல்லு நிறுக்கிற தராசில ஏறுவன், பிறகு நான் தனிய ஏறுவன், ஐயா கழிச்சுப் பாத்து மருந்தை அளப்பார். ஏழு நாயும் நான் போட்டிருந்த சேட்டை நாசமாக்கிப்போட்டுதுகள். இது என்ன மருந்து எண்டு சரசக்கா கேட்டா. பாக்கில இருந்து எடுத்தது எண்டு ஐயா சொன்னார். அவா வாயில வெத்திலையை ஒதுக்கிப்போட்டு, பாக்கெண்டால் நானே இடிச்சுக் குடுத்திருப்பனே எண்டா.

மருந்து குடிச்சு அரைமணித்தியாலம் ஆகேல்லை. நாயள் வாயில நுரை தள்ளி, சுத்திச் சுத்தி வந்து, பிறகு பின்பக்கமாக் கொட்டத் தொடங்கிச்சுதுகள். என்ர மனுசி சொன்ன தட்டு வேலை அதுதான். ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு பேணி. முதல் வாறது சும்மா மலம். கடைசியா வாற வெள்ளைச் சளியிலதான் பூச்சி இருக்கும், அதைத் தவறவிடக் கூடாது. எல்லாத்தையும் தண்ணி விட்டுத் தகரத்தில கொதிக்க வைச்சு, தெளிய விட்டு, கறுப்புத் தட்டில கொஞ்சம் கொஞ்சமா ஊத்தவேணும். நாய் நிண்ட இடத்தில மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தவேணும். வெயில், மணம், புகை, ஏழு நாயின்ர ஊளை. சரசக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, படிச்ச ஆக்கள் பாக்கிற வேலையப்பா இது எண்டு சொல்லிக்கொண்டே விறகு தள்ளிவிட்டா.

நாலாவது நாயின்ர தட்டில ஐயா கண்ணாடியைப் பிடிச்சவர் அப்பிடியே நிண்டார். என்னையும் பாக்கச் சொன்னார். கறுப்புத் தட்டில வெள்ளையா, குறுணி அரிசியை இன்னும் உடைச்சுவிட்ட மாதிரி நூற்றுக்கணக்கில. ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்னத் தலை, மூண்டு கணு. இவ்வளவு பெரிய நாய்க்குள்ள இவ்வளவு சின்னப் பூச்சியோ எண்டு எனக்கு ஆச்சரியம். ஐயா ஒரு தடியை எடுத்து மண்ணில ஆடு ஒண்டு, நாய் ஒண்டு, மனுசன் ஒண்டு கீறினார். சரசக்காவுக்கு விளங்கிறமாதிரி ஆறுதலாச் சொன்னார். ஆட்டின்ர ஈரலில இருக்கிற நீர்க்கட்டியை நாய் திண்டால், அந்தக் கட்டிக்குள்ள இருக்கிற வெள்ளைப் பொடி நாயின்ர குடலில பூச்சியா வளரும். ஆறேழு கிழமையில முட்டை போடும். முட்டை நாயின்ர மலத்தில வரும், மயிரில ஒட்டும், வாயில ஒட்டும். அந்த நாயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிறவன், அது நக்கின கையால சாப்பிடுறவன், அவன்ர வயித்துக்குள்ள முட்டை போனால் அவன்ர ஈரலில கட்டி வரும். வருசக்கணக்கா ஒரு நோவும் தெரியாது. ஈரலைத் தின்னிற மனுசனுக்கு வராது, நாய்க்குப் போடுற மனுசனுக்குத்தான் வரும்.

சரசக்கா தலையில கையை வைச்சா. ஆடு அடிச்சால் குடலும் கட்டி ஈரலும் நாய்க்குத்தான் போடுறவையாம், மனுசன் பட்டியில நாயோடதான் படுக்கிறவராம். இனிப் போடமாட்டன் ஐயா எண்டு அவா சொல்லுறது எங்கயோ தூரத்தில கேட்டுது.  மண்ணில கீறின அந்த நாய்க்கு ஒரு காது நிமிந்தும் ஒரு காது தொங்கியும் இருந்த மாதிரித் தெரிஞ்சுது. அதின்ர வயித்தில தலையை வைச்சு மாலினி படுத்திருந்தாள். ஐயா என்னைத் திரும்பிப் பாத்து, கொட்டிலில கட்டி ஈரலை எல்லாம் நீர் ஒழுங்காத் தாட்டதால எங்கட பக்கம் பயம் இல்லை எண்டார்.

திரும்பி வரேக்க ஜீப்பை ஐயாதான் ஓட்டினார். சொல்லவேணும் எண்டு வாயைத் திறப்பன், மூடுவன். சொன்னால் வேலை போகும். அப்பாவின்ர முகம், வீட்டில இருந்த ரெண்டு தங்கச்சிமார் எல்லாம் நினைவில வந்துது. சொல்லாமல் விட்டால்? நானே களவா மருந்து குடுக்கலாம் எண்டும் ஒரு யோசினை வந்துது. ஆனால் அந்தப் பிள்ளையை ஆர் சோதிக்கிறது? இப்பிடி நான் குழம்பிக்கொண்டிருக்க, வளைவில ஒரு கொம்பன் யானை ரோட்டுக்குக் குறுக்க நிண்டுது. ஐயா எஞ்சினை நிப்பாட்டினார். மூச்சு விடாமல் இருந்தம். யானை பாலைக் கொப்பை முறிச்சு ஆறுதலாச் சாப்பிட்டுக்கொண்டு நிண்டுது. அதைப் பாக்க எனக்கு ஒரு பயமும் வரேல்லை. பக்கத்தில இருந்த மனுசனை நினைச்சுத்தான் பயம். அப்பதான் சொன்னன்.

"சேர், கட்டி ஈரலை நான் தாட்டு மூடேல்லை. ஜிம்மிக்குக் குடுத்திட்டன்."

ஐயா ஸ்ரியரிங்கில இருந்து கையை எடுக்கேல்லை. யானையைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். எப்ப முதல் எண்டு மட்டும் கேட்டார். வைகாசியில வற்றாப்பளைக் கோயில் பொங்கல் முடிஞ்சு அடுத்த கிழமை எண்டன். அவற்ற விரல் ஸ்ரியரிங்கில ஒவ்வொண்டாத் தட்டிக் கிழமையை எண்ணிச்சுது. எட்டு வந்துது. எட்டாவது விரல் எழும்பாமல் அப்பிடியே கிடந்துது.  ஏன் சேர் பிறகு எண்டு கேக்கேல்லை எண்டு நானே அழாக்குறையாச் சொன்னன். அவர் திரும்பி என்னைப் பாத்தார். கோபம் இல்லை. பயந்துபோன ஒரு தகப்பன்ர முகம் அது.

"பிறகு என்ன எண்டு இந்த முறை என்னைத்தான் கேக்கவேணும் தம்பிராசா," எண்டார்.

யானை போன பிறகு ஜீப் பறந்த பறப்பை வாழ்க்கையில மறக்கமாட்டன்.

வீட்டுப் படலையடியில மாலினியும் ஜிம்மியும் ஓடி வந்தினம். ஐயா மகளைத் தூக்கி நேர கிணத்தடிக்குக் கொண்டு போனார். தலையில இருந்து கால் வரைக்கும் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டி, இருபது விரல் நகமும் ஒட்ட வெட்டினார். ஜிம்மியைக் கட்டி, பட்டினி போட்டு, அடுத்தநாள் விடிய அவற்ற சொந்த வளவுக்குள்ளயே கட்டை அடிச்சம். டொக்டர் அம்மாவுக்கு அதுவரைக்கும் ஒண்டும் தெரியாது. நான்தான் முன்னுக்குப் போய் நிண்டு முழுக்கதையும் சொன்னன். அவா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு உள்ள போய், மாலினியை மடியில வைச்சுக்கொண்டு யன்னலால பாத்தபடி இருந்தா. அவா ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியா இருந்திருக்கும்.

ஜிம்மியின்ர தட்டை ஐயா ஒருமணித்தியாலம் பாத்தார். பூச்சி இருந்துது. முட்டை போடுற பருவத்துக்கு இப்பதான் வந்திருக்குது எண்டு கண்ணாடியால பாத்துச் சொன்னார். முட்டை வெளியில வரத் தொடங்கினது முதல் நாளோ, அதுக்கு முதல் கிழமையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைக்கு உடன ஒண்டும் செய்யேலாது, வருசா வருசம் யாழ்ப்பாணம் கொண்டுபோய் வயித்தை அமத்திப் பாத்து, நெஞ்சுப் படம் எடுத்துப் பாக்கவேண்டியதுதான். அவ்வளவையும் அவர் யன்னலைப் பாத்து மெல்லச் சொன்னார். நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

அப்பதான் டொக்டர் அம்மா வெளியில வந்தா. எனக்கு இண்டையோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். அவா என்னைப் பாக்கவே இல்லை. களைச்சுப்போய்ப் படுத்திருந்த ஜிம்மிக்குக் கிட்டப் போய் நிண்டா.

"அது பசியிலதானே திண்டது," எண்டு புருசனைப் பாத்துச் சொன்னா. "தம்பிராசா செய்தது பிழை. தயிர்ச்சோறு காணும் எண்டு நாங்கள் இருந்தது அதைவிடப் பிழை."

 வளவின்ர கடைசி மூலையில மூண்டு கல்லு வைச்சு ஒரு அடுப்புப் போடச் சொல்லி அவா எனக்குக் கட்டளை போட்டா. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் நல்ல இறைச்சி வாங்கி வந்து, அவா குசினியால எட்டிப் பாக்கிற தூரத்தில நிண்டு, எலும்பு கழலுமட்டும் அவிச்சு ஜிம்மிக்குக் குடுக்கவேணும். காத்து வீட்டுப் பக்கம் அடிச்சால் அடுப்பைத் தண்ணி ஊத்தி நூர்க்கவேணும். ஒண்டரை வருசம் அந்தத் தண்டனை நடந்துது. என்ர கலியாணம் நடந்த கிழமை கூட சனிக்கிழமை நான் அங்கதான் நிண்டன், புது மனுசி அடுப்பு ஊதினா. அவா நான் நாய்க்குப் பின்னால தட்டு ஏந்தினதைச் சொல்லிக் காட்டுறது அந்தக் கோபத்திலதான்.

ஐயா மேலிடத்துக்கு அனுப்பின அறிக்கையில நோய் கண்ட நாயளின்ர பட்டியலில கடைசியா, என் வீட்டு நாய் எண்டு எழுதினார். காரணம் எண்ட இடத்தில, ஊழியருக்கு நான் உரிய விளக்கம் அளிக்கத் தவறியமை எண்டு இருந்துது. அதைத் தட்டச்சு செய்யக் குடுத்தது என்னட்டை. ரெண்டு விரலால தட்டித் தட்டி, கண்ணீர் மறைச்சு, அந்த வரியை மூண்டுதரம் பிழைவிட்டன். கூகைக்கட்டுக் கதையையும் அண்டைக்குத்தான் சொன்னன். அவர் சிரிச்சார், அந்தக் கிழமை முழுக்க அதுதான் முதல் சிரிப்பு.

அதுக்குப் பிறகு நான் ஊர் ஊரா அலைஞ்சன். ஒட்டுசுட்டான் தாண்டியும் சைக்கிளில போய், கட்டி ஈரலைத் தாட்டு மூடுங்கோ, ஏலாட்டி எரியுங்கோ, நாய்க்கு மட்டும் போடாதேங்கோ எண்டு சொன்னன். சனம் என்னை ஈரல் தம்பி எண்டு பேர் வைச்சிட்டுது. சவிரிமுத்தர் என்னைக் கண்டால் தானே மண்வெட்டியைத் தூக்கிக் காட்டுவார். எங்களைவிடப் பெரிய பிரசங்கி வேலுப்பிள்ளையர்தான். ஆஸ்பத்திரியால வந்து, சந்தியில பஸ்சுக்கு நிக்கிற சனத்துக்குச் சேட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டி, இளநீர் அளவு எண்டு தொடங்கினவர், வருசம் போகப் போகப் பூசணிக்காய் அளவாக்கிப்போட்டார்.

ஐயா மட்டக்களப்புப் பக்கம் மாற்றலாகிப் போனார். வருசா வருசம் ஆவணியில ஒரு தபாலட்டை வரும். முழு அட்டையிலயும் ஒரே வரி: "படம் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை." அந்த அட்டை வருமட்டும் நான் ஆவணி மாசம் ஒரு இடமும் போகமாட்டன். ஒரு வருசம் ஆவணி முடிஞ்சு புரட்டாதியும் பாதி போச்சு, அட்டை வரேல்லை. தபால்காரனைப் படலையிலயே மறிச்சுக் கேப்பன்.  ஏதோ கடன்காரன் மாதிரி ஏன் முழிக்கிறியள் எண்டு மனுசி ஏசினா.

கடைசியில ஒருநாள் அட்டை வந்துது. ஐயாவின்ர எழுத்து இல்லை. குண்டு குண்டான பிள்ளை எழுத்து. சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டுதான் வாசிச்சன்.

"ராசா மாமாவுக்கு, இந்த முறை நானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் சுணங்கிவிட்டது. படத்தில் ஒன்றும் இல்லை. இனி வரத் தேவையில்லை என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். ஜிம்மி கிழமாகிச் செத்துப் போய்விட்டது. புதுக் குட்டி ஒன்று வந்திருக்கிறது, நீங்கள் பார்க்க வரவேண்டும். ஆனால் படலையில் நின்று இரண்டு கையையும் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று அம்மா சொல்லச் சொன்னா."

அடுத்த நாளே லீவு எழுதிக் குடுத்திட்டு பஸ் ஏறினன். படலையடியில நிண்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினன். மாலினி நல்லா வளந்திருந்தாள். என்ர உள்ளங்கையைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தாள், தேக்கமிலைப் பொட்டலம் இல்லை எண்டு தாய்க்குச் சொன்னாள். டொக்டர் அம்மா விறாந்தையில நிண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குத்தான் கண் நிறைஞ்சுபோச்சு. புதுக்குட்டி ஓடி வந்து என்ர கையை நக்கிச்சுது. உடன மாலினி அதைத் தூக்கி அங்கால விட்டிட்டு, கிணத்தடி வாளியையும் சவுக்காரத்தையும் காட்டினாள். நான் ரெண்டுதரம் கழுவினன், தானும் கழுவினாள். உள்ள இருந்து ஐயாவின்ர குரல் கேட்டுது.

"பிறகு?"

"பிறகென்ன அப்பா, சாப்பாடுதான்," எண்டாள் மாலினி.